சவரம் செய்த நாட்கள்

"முடிஞ்ச மாதிரிதான் சார்" என்ற வாக்கியம் ஒரு காலத்தில் கடல்தடுப்புத் திட்ட அலுவலகத்தில் காலை வணக்கத்துக்குச் சமமாகப் புழங்கி வந்தது. அதன் அர்த்தம் ஆளுக்கு ஆள் மாறும். வெல்டர் சொன்னால் இன்னும் இரண்டு நாள் வேலை இருக்கிறது என்று பொருள். எலக்ட்ரீஷியன் சொன்னால் இன்னும் வயரே வாங்கவில்லை என்று பொருள். டிசைன் பிரிவுக்காரர் சொன்னால், எந்த வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை என்று பொருள். இந்தப் பதில்களையெல்லாம் வாங்கி, அவற்றிலிருந்து ஒரு தேதியைக் கறந்து, ஷீட்டில் ஏற்றுவதுதான் பிளானிங் இன்ஜினியர் வினோதினியின் உத்தியோகம்.

கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, உப்புத் தண்ணீர் ஆற்று வழியாக வயல் வரைக்கும் வந்துவிட்ட காலம் அது. நாகைக்குத் தெற்கே பதினோரு முகத்துவாரங்களில் இரும்பு ஷட்டர் போடுவது என்று முடிவாகியிருந்தது. கடல் பொங்கும் நாட்களில் ஷட்டரை இறக்கிவிடலாம்; மற்ற நாட்களில் தூக்கி வைத்தால் மீன்பிடிப் படகுகள் வழக்கம்போலப் போய் வரும். பத்து ஷட்டர்கள் நின்றுவிட்டன. பதினோராவது மட்டும் பாக்கி.

ஷீட் என்றால் எல்லோருக்கும் தெரிந்த அதே கட்டம் போட்ட ஷீட்தான். வரிசைக்கு ஒரு வேலை, பக்கத்தில் பொறுப்பானவர் பெயர், ஆரம்பிக்கும் தேதி, முடிக்கும் தேதி, எத்தனை சதவீதம் ஆயிற்று என்ற கணக்கு, கடைசியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதைச் சுவரில் பெரிதாகக் காட்டுவார்கள். சிவப்புக் கட்டத்துக்குச் சொந்தக்காரர் நாற்காலியில் நெளிவார். பச்சைக்காரர்கள் நிம்மதியாக பிஸ்கட் சாப்பிடுவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தலைமை அலுவலகம் புது ஷீட் ஒன்றை வாங்கிப் போட்டது. பார்வைக்குப் பழையது மாதிரியேதான் இருந்தது. முடிக்கும் தேதிக்கு அடுத்தாற்போல ஒரு பத்தி மட்டும் கூடுதல். அதன் தலைப்பு 'உண்மைத் தேதி'. பழைய ஷீட்டுகள் அத்தனையையும் அதற்கு ஊட்டியிருந்தார்கள். யார் எந்தத் தேதி சொன்னார்கள், கடைசியில் எப்போது முடித்தார்கள் என்று பார்த்துப் பார்த்து, ஒவ்வொருவருடைய வாய்வார்த்தைக்கும் என்ன மதிப்பு என்று அது கற்றுக்கொண்டிருந்தது.

திட்டத் தலைவர் தாமரைச்செல்வன் முதல் கூட்டத்திலேயே மாட்டிக்கொண்டார். அறிக்கையைச் சாயங்காலம் அனுப்பிவிடுகிறேன் என்று அவர் சொல்ல, ஷீட் பக்கத்துக் கட்டத்தில் அடுத்த புதன்கிழமையைப் போட்டது. அறையே சிரித்தது, அவரும் சிரித்தார். அறிக்கை அடுத்த புதன்கிழமைதான் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண் முளைத்தது. அதற்கு வாக்கு எண் என்று பெயர் வைத்தார்கள். வேலையைக் கணக்கு வைக்க வந்த ஷீட் இப்போது ஆளைக் கணக்கு வைத்தது. மற்றக் கம்பெனிகளும் அதே ஷீட்டை வாங்க, எண் ஊரெல்லாம் நடமாட ஆரம்பித்தது. வீட்டை வாடகைக்கு விடுபவர் கேட்டார். பெண் கொடுப்பவர் கேட்டார். அரசு வேலைகளை எடுத்துச் செய்பவருக்கு எண் அறுபதுக்குக் கீழே இறங்கினால் ஒப்பந்தக்காரர் பட்டியலில் இடம் கிடையாது, வருகிற ஜனவரியிலிருந்து அமல் என்று ஆணையே வந்துவிட்டது.

வினோதினிக்குத் தொண்ணூற்று நான்கு. அலுவலகத்திலேயே அதுதான் அதிகம். அவள் வாக்குக் கொடுக்க வேண்டியதெல்லாம் வாராந்திர அறிக்கைகளுக்குத்தான். அவற்றை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. கடற்காற்று வரும் வாடகை வீடு அவர்களுக்கு அந்த எண்ணைக் காட்டித்தான் கிடைத்தது. அவள் கணவன் கார்த்திகேயன் எழுபத்தெட்டுக்காரன். வீட்டுக்கு யாராவது வந்தால், தான் சும்மா கூட இருக்கும் ஆள் என்றும் மகாராணியின் எண் தொண்ணூற்று நான்கு என்றும் அறிமுகம் செய்துவைப்பான். கிண்டல்தான். ஆனாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

ஒன்றை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜனங்கள் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எப்போது வரும் என்று கேட்டால், ஷீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்கள். அதுதான் தெரிந்துவிட்டதே, அப்புறம் இவன் வாயால் வேறு எதற்கு?

ஆரோக்கியராஜ் அலுவலகத்துக்கு வந்தது ஒரு மத்தியான வேளையில், எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கண் சொக்கிக்கொண்டிருந்த நேரம். பத்து ஷட்டரையும் பொருத்திக் கொடுத்தவர் அவர்தான். வெல்டர்கள், ஃபிட்டர்கள், கிரேன் ஆள் என்று ஒரு செட்டை வைத்துக்கொண்டு இருபது வருடமாக இதே தொழில். வாய்த்துடுக்கான மனிதர். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு ஒப்பந்தக்காரர்கள் போனில்தான் வருவார்கள்; அவர் முறை வந்தால்தான் மற்றவர்களுக்குத் தூக்கம் கலையும். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், கையிலிருந்த செல்போனை அவள் மேஜைமேல் வைத்தார். அதில் அவர் பெயரும் பக்கத்தில் அறுபத்தொன்று என்ற எண்ணும் இருந்தன.

இன்னும் இரண்டு புள்ளி இறங்கினால் தன் கதை முடிந்தது என்றார். பதினோராவது ஷட்டரும் தாமதம் என்று ஷீட்டில் ஏறினால் ஜனவரிக்கு மேல் தமிழ்நாட்டில் எங்கேயும் அவர் ஒரு போல்ட்டைக்கூட முடுக்க முடியாது. அவருடைய ஆட்களில் நல்ல வெல்டர்கள் இரண்டு பேர் இப்போதே வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைகுட்டிக்காரர்கள்.

"என் சம்சாரத்துக்கிட்ட நேத்து, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போலாம்னு சொன்னேன்ம்மா. அவ என் மூஞ்சியைப் பாக்கல, போனைப் பாக்குறா," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை.

எண்ணை ஏற்றுவதற்கு வழி இருக்கிறதா என்று அவர் கேட்க, வினோதினி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். சொன்ன நாளுக்குள் முடித்தால் தானாக ஏறும்.

"அதுதாம்மா எனக்குப் புரியல. சொன்ன நாளுக்குள்ள நான் எதை முடிக்காம விட்டேன்?"

எல்லா ஒப்பந்தக்காரர்களும் இதைத்தான் சொல்வார்கள். வினோதினி கொஞ்சம் அலுப்போடுதான் ஏழாவது ஷட்டரின் வரிசையைத் திறந்து காட்டினாள். முடிப்பதாகச் சொன்னது இருபது நாள், முடித்தது முப்பதாவது நாள். ஆரோக்கியராஜ் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நான் முப்பதுன்னுல்ல சொன்னேன்," என்றார். "எல்லா ஷட்டருக்குமே முப்பதுதான் சொன்னேன். இருபதுன்னு யாரு போட்டது?"

யார் போட்டது என்று வினோதினிக்குத் தெரியும்.

அது ஒன்றும் ரகசியம் இல்லை. படித்து முடித்து முதன்முதலாகச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுடைய மேலாளர் கற்றுக்கொடுத்த முதல் பாடமே அதுதான். ஒப்பந்தக்காரர் எத்தனை நாள் கேட்டாலும் அதில் மூன்றில் ஒரு பங்கை வழித்துத் தள்ளிவிட வேண்டும். எல்லோரும் கூட்டித்தான் கேட்பார்கள். அலுவலக பாஷையில் அதற்குச் சவரம் என்று பெயர். திங்கட்கிழமை கூட்டத்துக்கு முன்னால், "தேதியெல்லாம் சவரம் பண்ணியாச்சா?" என்று தாமரைச்செல்வன் கேட்பார். பண்ணியாச்சு சார் என்பாள் அவள். சவரம் செய்த நாள் முடிந்த மறுநாளிலிருந்து ஒப்பந்தக்காரரை தினமும் போனில் துரத்த ஆரம்பிப்பாள். அவர் முனகிக்கொண்டே அவருடைய நாளில் முடிப்பார். ஒப்பந்தத்தில் இருப்பது ஒரு தேதி, ஷீட்டில் இருப்பது வேறு தேதி. அபராதம் ஏதும் கிடையாது, சும்மா துரத்துவதற்கு ஒரு கழி. பதினைந்து வருடமாக இதை நல்ல நிர்வாகம் என்றே அவள் நம்பி வந்தாள். எந்த ஊரில் எந்தப் பிளானிங் இன்ஜினியரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

புது ஷீட்டுக்கு இந்த விளையாட்டு தெரியாது. அவர் பெயருக்கு நேரே இருபது என்று இருந்தது. அவர் முப்பதில் முடித்தார். ஆகவே ஆரோக்கியராஜ் சொன்ன சொல் காப்பாற்றாதவர். பத்து ஷட்டருக்குப் பத்து முறை.

"மேல இருக்கறவங்க யாராச்சும் குறைச்சிருப்பாங்க," என்று அவரே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டு எழுந்தார். "உங்களைச் சொல்லி என்னம்மா பண்றது? நீங்க போட்டதை ஏத்துறவங்க." செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஷீட்டைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் ஃபர்ஹானா என்று ஒரு பெண் இருந்தாள். சென்னையில் இருப்பவள், போனில் மட்டும் பழக்கம். வினோதினி மறுநாள் அவளைக் கூப்பிட்டு, ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல விஷயத்தைச் சொன்னாள். ஃபர்ஹானா ஆச்சரியப்படவே இல்லை.

"மெஷின் மேல தப்பு இல்லக்கா. யார் வாயிலேர்ந்து வந்த தேதின்னு நாம அதுக்குச் சொல்லவே இல்ல. கட்டத்துல டைப் பண்ணினதுதான் வாக்குன்னு அது எடுத்துக்கிச்சு."

அதைத் திருத்த முடியாதா என்று வினோதினி கேட்டாள். முடியும் என்றாள் ஃபர்ஹானா. திங்கட்கிழமை போன் கூட்டங்கள் எல்லாமே பதிவாகி இருக்கின்றன. ஆரோக்கியராஜ் முப்பது என்று சொன்ன குரலை எடுத்துப் பொருத்திவிட்டால், அவர் எண் ஒரே நாளில் ஏறிவிடும். ஆனால் முப்பதுக்கும் இருபதுக்கும் நடுவே ஒரு பத்து நாள் இருக்கிறதே, அது காற்றில் கரையாது. அதை யார் பெயரிலாவது எழுதியாக வேண்டும்.

"டைப் பண்ணினவங்க பேர்லயா?"

"ஆமாக்கா. அதுக்கு அவங்களே சம்மதிச்சு ஒரு ஒப்புதல் குடுக்கணும். இல்லாட்டி நாங்க பழைய கணக்கைத் திறக்க முடியாது." ஃபர்ஹானா கொஞ்சம் தயங்கினாள். "இப்படி இருக்கும்னு எங்களுக்கு ஆரம்பத்துலயே தெரியும். ஊர்ல எல்லாப் பிளானருமே வெட்டித்தானே போடறாங்க. ஒப்புதல் ஃபாரம்கூட ரெடியா வச்சிருக்கோம். இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

போனை வைத்த பிறகு அந்தக் கடைசி வாக்கியம்தான் வினோதினியின் காதில் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியானால் இந்த நாட்டில் எத்தனை ஆரோக்கியராஜ்கள் தங்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டு, நாம் எங்கே பொய் சொன்னோம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்? எத்தனை பேர் வீட்டில் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

சும்மா இருந்துவிடலாம் என்றும் யோசித்தாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவரே மேலே இருப்பவர்கள் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடும்போது கார்த்திகேயனிடம் சொன்னாள். அவன் கிண்டல் ஏதும் செய்யவில்லை. அந்த மனிதருக்கு இதனால் வேலை போகுமா என்று கேட்டான். போகும் என்றாள். உனக்குப் போகுமா என்று கேட்டான். வேலை போகாது, ஷீட்டில் கை வைக்கும் உரிமை போகும். வேறு ஏதாவது மூலையில் உட்காரவைப்பார்கள் என்றாள். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது எண்ணைக் கேட்பார் என்பதையும் அவனே ஞாபகப்படுத்தினான். பிறகு குழம்பை ஊற்றிக்கொண்டே, என் எழுபத்தெட்டை வைத்துச் சமாளிக்கலாம், கடற்காற்று கொஞ்சம் குறைவாக வரும் என்றான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஒப்புதலைக் கொடுத்த இரண்டாம் நாள் ஆரோக்கியராஜின் எண் தொண்ணூற்றெட்டு ஆனது. வினோதினியுடையது நாற்பத்தேழு. அவள் கணினியில் ஷீட் திறந்தது, ஆனால் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அசையவில்லை.

தாமரைச்செல்வன் அவளைக் கூப்பிட்டுக் கத்தினார். ஊரெல்லாம் செய்கிற ஒன்றுக்கு இவள் ஏன் போய்த் தலையை நீட்ட வேண்டும்? நாளைக்கு மற்றத் திட்டங்களிலும் ஒப்பந்தக்காரர்கள் கிளம்பி வந்தால் யார் பதில் சொல்வது? கத்தி முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். குடித்த பிறகு குரல் இறங்கிவிட்டது. சவரம் பண்ணியாச்சா என்று வாராவாரம் கேட்டது தான்தான் என்பது அவருக்கும் மறக்கவில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து அவளுக்கு ஸ்டோர் பிரிவு என்றும், அதுவரை பழைய நாற்காலியிலேயே இருக்கலாம் என்றும் சொன்னார்.

விநோதம் என்னவென்றால், ஆரோக்கியராஜ் நன்றி சொல்ல வரவில்லை. போன் செய்து ஏற்றத்தைப் பார்த்தீர்களா என்று அவள் கேட்டபோதுகூட, பார்த்தேன்ம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். வாய்த்துடுக்கான மனிதர் இப்படி விழுங்கிப் பேசியது அவளுக்குப் புரியவில்லை. வெட்டியது அவள்தான் என்ற ஒப்புதலின் நகல் அவருக்கும் போயிருந்தது, கோபமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இருக்காதா பின்னே, இரண்டு வருடம் ஒரு மனிதரைப் பொய்யர் என்று ஊர் சொல்ல விட்டிருக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அவரை நேரிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். நிலைமை மோசமாகியிருந்தது. ஐப்பசி அமாவாசைக்குக் கடல் வழக்கத்தைவிட உயரும், கூடவே புயல் சின்னமும் உருவாகலாம் என்று வானிலைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அமாவாசைக்கு இன்னும் இருபத்தைந்து நாள். அதற்குள் பதினோராவது ஷட்டர் நின்றாக வேண்டும். இல்லையென்றால் அந்த முகத்துவாரத்தில் பாறாங்கல்லைக் கொட்டி அடைத்துவிடுவது என்பது மாற்றுத் திட்டம். அடைத்தால் வயல்கள் தப்பும். படகுகளுக்கு வழி போய்விடும், ஆரோக்கியராஜுக்கும் அவர் ஆட்களுக்கும் வேலை போய்விடும்.

சுவரில் ஷீட் பெரிதாகத் தெரிந்தது. ஆரோக்கியராஜ் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் உண்மைத் தேதிக் கட்டத்தில் முப்பது நாள் கழித்து வரும் தேதி விழுந்துவிட்டது. தொண்ணூற்றெட்டு எண் உள்ளவர், பத்து ஷட்டருக்கும் முப்பது என்று சொல்லி முப்பதில் முடித்தவர். ஷீட்டுக்கு இதில் சந்தேகமே இல்லை. பாறாங்கல் வரிசையைத் தானாகவே மேலே ஏற்றி, லாரிகளுக்குத் தேதியும் குறித்துவிட்டது.

பழைய ஷீட் என்றால் இந்த இடத்தில் வினோதினி முப்பதை இருபதாக்கியிருப்பாள். வரிசை பச்சையாகியிருக்கும், வேலை ஓடியிருக்கும். இப்போது அவள் கை மடியில் இருந்தது. உள்ளுக்குள் ஒரு பயங்கரமான எண்ணம் தோன்றியது. அந்த மனிதரின் பெயரைக் காப்பாற்றப் போய் அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமோ?

"சொல்லுங்க ஆரோக்கியராஜ், எத்தனை நாள் வேணும்?" என்றார் தாமரைச்செல்வன், கேட்க வேண்டுமே என்று கேட்பவர் போல.

ஆரோக்கியராஜ் தாமரைச்செல்வனைப் பார்க்கவில்லை. வினோதினியைப் பார்த்தார்.

"நான் சொல்றதை இப்ப யாரு எழுதுவாங்கம்மா?"

"நீங்களேதான்ணே. எனக்கு உரிமை போயிருச்சு, இனிமே உங்க கையாலயே போடலாம்."

"அப்புறம் அதை யாரு வெட்டுவாங்க?"

"யாரும் வெட்ட மாட்டாங்கண்ணே."

ஆரோக்கியராஜ் எழுந்து வந்து, அவள் பக்கத்தில் நின்று, கூட்ட அறைக் கணினியில் ஒற்றை விரலால் இருபத்திரண்டு என்று அடித்தார்.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. தப்பாக அடித்துவிட்டாரோ என்று வினோதினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகம் சிவந்துபோயிருந்தது.

"ஒரு ஷட்டருக்கு இருபத்திரெண்டு நாள்தாம்மா ஆகும்," என்றார். "எப்பவுமே அவ்வளவுதான். நீங்க வெட்டித்தான் துரத்துவீங்கன்னு தெரியும், அதனால எட்டு நாள் சேர்த்துச் சொல்லுவேன். வெட்டினதை என் வாக்குன்னு ஏத்துவீங்கன்னுதான் தெரியல. சொன்னப்புறம் சீக்கிரம் முடிக்கவும் பயம். இருபத்திரெண்டுல முடிச்சா அடுத்ததுக்கு இருபத்திரெண்டுதான் குடுப்பீங்க, அதுலயும் வெட்டுவீங்க, எங்க பசங்க செத்துருவாங்க. அதனால மிச்ச நாள் பெயின்ட் அடிச்சிக்கிட்டு உக்காந்திருப்போம்."

வினோதினிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவருக்காகத்தானே தொண்ணூற்று நான்கைத் தூக்கிக் கொடுத்தாள். கடைசியில் பார்த்தால், எல்லோரும் கூட்டித்தான் கேட்பார்கள் என்று அந்தச் சென்னை மேலாளர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"அப்ப கூட்டித்தான் சொன்னீங்களாண்ணே?"

"நீங்க வெட்டுனீங்க, நான் கூட்டினேன்."

"நீங்க கூட்டுவீங்கன்னுதான் நான் வெட்டினேன்."

யார் முதலில் ஆரம்பித்தது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அவர்கள் இருவரும் பிறப்பதற்கு முன்னாலேயே யாரோ ஒருவர் ஒரு நாள் கூட்டிக் கேட்டிருப்பார், இன்னொருவர் வெட்டியிருப்பார். அதற்கப்புறம் வந்தவர்களெல்லாம் அதைத் தொழில் என்று கற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு நன்றி சொல்ல அவர் ஏன் வரவில்லை என்பது இப்போது அவளுக்குப் புரிந்தது. தொண்ணூற்றெட்டைப் பார்த்து அந்த மனிதர் கூனிக் குறுகியிருக்கிறார்.

ஷீட் அவர்களுடைய வழக்கில் தலையிடவில்லை. அவர் அடித்த இருபத்திரண்டுக்கு அடுத்த கட்டத்தில் உண்மைத் தேதி முப்பதிலேயே நின்றது, நல்ல சிவப்பில். பத்து முறை முப்பது நாள் எடுத்தவர் பதினோராவது முறை இருபத்திரண்டில் முடிப்பார் என்று அது எதை வைத்து நம்பும்? அதன் பார்வையில் ஆரோக்கியராஜ் இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பொய் சொல்கிறார்.

உண்மைத் தேதியை மீறி ஒரு வேலையை ஆரம்பிக்க ஒரு வழி உண்டு. அறுபதுக்கு மேல் எண் உள்ள யாராவது ஒருவர் தன் எண்ணைப் பணயம் வைத்துப் பொறுப்பேற்க வேண்டும். வேலை பிசகினால் அவர் எண்ணும் சரியும். வினோதினி தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். நாற்பத்தேழுக்கு அந்தக் கட்டம் திறக்காது என்பது ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

தாமரைச்செல்வன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு சிவப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய எண் அறுபத்தெட்டு. "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ்," என்று பொதுவாகச் சொன்னார். "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி என்ன பண்ணப் போறேன்?" சொல்லிவிட்டுத் தன் பெயரை அடித்தார். அடித்த பிறகு, லாரிக்காரர்களுக்கு யாராவது போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றார். கூட்டம் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

வினோதினி ஆரோக்கியராஜை வாசல்வரை கொண்டுவிடப் போனாள். வெயிலில் கண் கூசியது. ஆரோக்கியராஜ் பைக்கை எடுக்காமல் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். எட்டு நாள் இல்லாமல் ஒரு தேதி சொன்னது உடம்பில் சட்டை இல்லாமல் நிற்பது மாதிரி இருக்கிறது என்றார். மழை பெய்தால்? கிரேன் மக்கர் பண்ணினால்? போன வெல்டர்கள் திரும்பி வரவில்லையென்றால்? இருபத்திரண்டு என்று வாயில் வந்துவிட்டது. அந்த மிஷினும் நம்பவில்லை, பார்த்தீர்களா என்று கேட்டார்.

"அதை விடுங்கண்ணே," என்றாள் வினோதினி. "இருபத்திரெண்டாவது நாள் காலைல ஒம்பது மணிக்கு நான் அங்க வந்து நிப்பேன். ஷட்டர் இறங்குறதைப் பாக்கணும்."

"அன்னைக்கு நீங்க ஸ்டோர்ல இல்ல இருப்பீங்க."

"லீவு போட்டுட்டு வருவேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பழைய துடுக்கு அவர் முகத்தில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"உங்க நம்பர் இப்ப நாப்பத்தேழுதானேம்மா?"

"ஆமாண்ணே."

ஆரோக்கியராஜ் தலையாட்டிக்கொண்டே பைக்கைக் கிளப்பினார். கிளம்பும்போது சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்:

"ஒம்பது மணிக்கு உங்களுக்கும் சேர்த்தே டீ சொல்லி வைக்கிறேன்."